உங்களுக்குத் தெரியுமா? மேடைக்கு வராத விவாதம்

● கல்லாவியை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி 2024 ஏப்ரல் 19-இல் வாக்களித்தது. அதன் பிறகு மே 9-இல்தான், முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி.ஷா, பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் மோடியையும் ராகுலையும் பொதுவிவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினர்.

● ராகுல் சம்மதித்தார். மோடி வரவில்லை; பா.ஜ.க. இளைஞரணி தன் துணைத்தலைவர் அபினவ் பிரகாஷை முன்னிறுத்தியது. விவாதம் நடக்கவே இல்லை.

● விவாதத்தைத் தவிர்ப்பது அமெரிக்காவிலும் நடந்ததுண்டு. 1960 அதிபர் தேர்தலில் கென்னடியுடன் தொலைக்காட்சி விவாதத்தில் மோதிய நிக்சன், அந்தத் தேர்தலில் தோற்றார். 1968, 1972 இரண்டிலும் விவாதத்தைத் தவிர்த்தார், இரண்டிலும் வென்றார்!

● வேட்பாளர்கள் நேருக்கு நேர் விவாதித்தே ஆகவேண்டும் என்று இந்தியாவில் சட்டம் ஏதும் இல்லை. எனவே, ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள்.