உருக்கு நகரத்து இசைக் குழு

கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் ஹமில்ரன் என்றோர் உருக்கு நகரம் உண்டு. அங்கே ஒரே பள்ளியிற் பயின்ற இளைஞர் 1970களின் நடுவில் அமைத்த ‘ரீனேஜ் ஹெட்’ என்னும் பங்க் இசைக் குழுவைப் பிறநாட்டார் பலர் அறியார். அக்காலத்து ரசிகரோ, தலை நரைத்த பின்னரும், பாடகர் பிராங்கி வெனம் மேடையில் துள்ளியதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர். 1980 யூன் மாதம் ரொறன்ரோவின் ஒன்ராறியோ பிளேஸ் அரங்கில் இடம் கிடையாதோர் கலகமே விளைவித்தனர்! அவ்வாண்டே ‘பிரான்ரிக் சிற்றி’ இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்காவும் செவிசாய்க்கும் வேளை. அந்தோ! கிற்றார்க் கலைஞர் கோர்ட் லூயிஸ் மோட்டார் விபத்திற் படுகாயமுற்றார், வாய்ப்பு நழுவியது. வெனம் 2008இலும், லூயிஸ் 2022இலும் மறைந்தனர். அவ்விபத்து நேராதிருந்தால் என்று ரசிகர் இன்றும் பெருமூச்செறிவர். நாமும் அத்தட்டைக் கேட்டோம். வெறும் இரைச்சலென ஒதுக்கவே எண்ணினோம். நமது காலோ நம்மைக் கேளாமலே தாளம் போட்டது.