கடற்கரைச் சாலையில் ஒரு கார் துரத்தல்

ஊரும் திரையும் – 11

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி போகாது. தடுப்புகளை இழுத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை 7:30 மணி வரை அது நடப்பவர்களின் சாலை. காந்தி சிலைக்கு முன்னால் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும். பெரியவர்கள் கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அண்மையில் வந்த குற்றத் தொடர் ஒன்றில், இரவு 11 மணிக்கு அதே சாலையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. கண் இமைப்பதற்குள் வெள்ளை நகரத்து ரோமன் ரோலன் வீதிக்குள் நுழைகின்றன. அடுத்த நொடி, கடலூர் சாலையில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் டயர் தேய்கிறது. வெள்ளை நகரத்தின் வீதிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டவை. நூறு அடிக்கு ஒரு முனை வரும், முனைக்கு முனை வண்டி நிற்கும். அங்கே ஒருவன் தப்பிக்க வேண்டுமானால் காரை விட்டு இறங்கி ஓட வேண்டும். அப்படி ஓடவிட்டிருந்தால் எவ்வளவு நல்ல காட்சியாக இருந்திருக்கும்! உயரமான மதில்கள், சாத்திய கதவுகள், பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் சட்டென்று மாறுகிற சத்தமும் கூட்டமும். எல்லாம் இருந்தும் எடுக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதில் சின்னச் சின்ன வேடங்களில் வருபவர்களும் விளக்குத் தூக்கியவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் உழைப்பில் குறையில்லை. எழுதியவர்களிடமும் இயக்கியவர்களிடமும்தான் எனக்கு வருத்தம். புதுச்சேரியில் நடக்கும் துப்பறியும் கதை என்று விளம்பரம் வந்த நாளிலிருந்து காத்திருந்தேன். ஊரில் பலரும் காத்திருந்தார்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். மூன்றாம் பகுதியை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கொலை நடந்த அறைக்குள் கதாநாயகன் வருகிறான், கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தியை எடுக்கிறான், கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறான்.

“என்ன தம்பி இது, மகஜரே எழுதல. சாட்சிக்கு ரெண்டு பேரக் கூப்பிடல. போட்டோ எடுக்கல. பையில போட்டுக்கிட்டுப் போறான்.”

“கதைதானே ஐயா, பாருங்க.”

“கதையத்தான் பாக்குறேன். இந்தக் கத்தி கோர்ட்டுல நிக்காது. கொலகாரன் வெளிய வந்துருவான். அத யோசிச்சானா இவன்?”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பாதியிலேயே எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அந்த அறையில் கிடந்த உடலையும் பார்த்தேன். இறந்து பத்து மணி நேரம் ஆகிறது என்கிறார் மருத்துவர். சொல்லிக்கொண்டே கையைத் தூக்குகிறார். கை துணிபோல மடங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் இறந்த ஓரிரு மணி நேரத்திலேயே தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கிவிடும். சுமார் 12 மணி நேரத்துக்குள் உடல் முழுக்கக் கட்டையாகிவிடும். பத்து மணி நேரம் ஆன கை அப்படி மடங்காது. மடங்கினால் அது ஒரு துப்பு: மருத்துவர் பொய் சொல்கிறார், அல்லது நேரம் தவறு. நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த மருத்துவர்மேல் சந்தேகப்பட்டு நான்கு பகுதிகள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது துப்பே இல்லை, வெறும் கவனக்குறைவு. துப்பறியும் கதையில் இதைவிடப் பெரிய ஏமாற்றம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பொருளையும் உற்றுப் பார் என்று பார்ப்பவனைப் பழக்கிவிட்டு, உற்றுப் பார்த்தவனைக் கைவிடுகிறார்கள். கவனமில்லாமல் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தொடர் பிடித்திருக்கும்.

முடிவு இன்னும் மோசம். காவல் நிலைய அறையில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டுகிறார்; குற்றவாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்; இசை எழும்புகிறது; படம் முடிகிறது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஒப்புதலைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆக, கதாநாயகன் கையில் கடைசியில் இருப்பது என்ன? மகஜர் இல்லாத ஒரு கத்தியும் செல்லாத ஒரு வாக்குமூலமும். வழக்கே இல்லை.

குற்றவாளி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் பகுதியில் திடீரென்று முளைக்கும் இரட்டைச் சகோதரன். துப்பறியும் கதைக்கு ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. வாசகனை முன்கூட்டியே தயார் செய்யாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது பத்தாவது. முதலும் கடைசியும் ஒரே காட்சியில் போயின. விதிகளை மீறலாம், மீறிப் பெரிய கதைகள் வந்திருக்கின்றன. ஆனால் மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும்.

செலவு செய்யப் பணமில்லை என்பார்கள். 1993-இல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜி எடுத்த பியோம்கேஷ் பக்‌ஷியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது. ரஜித் கபூர் வேட்டி கட்டிக்கொண்டு ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவார், அவ்வளவுதான். பேச்சிலேயே முடிச்சு விழும், பேச்சிலேயே அவிழும். தமிழிலும் ஆள் இல்லாமல் இல்லை. 2022 ஜூனில் புஷ்கர்-காயத்ரி தந்த ‘சுழல்’ தொடரின் சாம்பலூர் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். ஆனாலும் அந்த சிமென்ட் ஆலையும், அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழாவும், காணாமல் போன பெண்ணைத் தேடும் காவலர்களின் குடும்பச் சிக்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. திருவிழாவை எடுத்துவிட்டால் கதை நிற்காது. எங்கள் ஊர்த் தொடரில் புதுச்சேரியை எடுத்துவிட்டுக் கோவளத்தையோ ஊட்டியையோ வைத்தால் ஒரு வசனம்கூட மாறாது. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் சாராயக் கடையும்தான் அவர்களுக்குப் புதுச்சேரி. காவலர் தலையில் இருக்க வேண்டிய சிவப்புக் கெப்பித் தொப்பிகூட ஒரு காட்சியிலும் இல்லை.

இந்த ஊரின் எல்லையைப் போல மர்மக் கதைக்கு ஏற்ற எல்லை எங்கே கிடைக்கும்? முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் சில நிமிடங்களில் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இந்தப் பக்கம் விழுந்த உடல் எங்கள் ஸ்டேஷன் லிமிட், அந்தப் பக்கம் விழுந்தால் அவர்கள் லிமிட். கடலில் மிதந்து வந்தால்? எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று சட்டம் சொல்கிறது. போட்ட பிறகு அந்தக் காகிதம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் கடந்தால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. மத்தியச் சிறை அங்கேதான் இருக்கிறது. நகரத்து நீதிமன்றத்தில் ரிமாண்ட் ஆன கைதியைச் சிறைக்குக் கொண்டுபோகிற வண்டி தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் போகிறது. போதாததற்கு ஒரே காவல் துறையின் கீழ் கேரளக் கரையில் மாஹே, காக்கிநாடா பக்கம் ஏனாம், காவிரிக் கடைமடையில் காரைக்கால். மூன்று மொழிகளில் சாட்சி சொல்லும் ஒரு வழக்கை இங்கே இயல்பாக எழுதலாம்.

கற்பனையும் தேவையில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. 1716-இல் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் என்று குற்றச்சாட்டு. கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே இறந்தார். வியாபாரப் போட்டி, ஏசு சபைப் பாதிரிமாரின் பகை, ஆளுநரின் சொந்தக் கணக்கு என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. தமிழில் சொன்ன சாட்சியத்தைப் பிரெஞ்சில் எழுதி, அந்த மொழி தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பது பின்னால் எழுந்த புகார்களில் ஒன்று. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: மேசையில் காகிதம், பேனா, மொழிபெயர்ப்பாளர், தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்று தெரியாமல் குனியும் ஒரு மனிதர். மகன் குருவப்பா கப்பலேறிப் பாரிஸ் வரை போய் நியாயம் கேட்டார். 1720-இல் தந்தையின் தண்டனை ரத்தானது. மகன் கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோடு ஊர் திரும்பினார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இந்தக் குடும்பத்தின் உறவினர்தான்.

நம் காலத்திலும் நாடே திரும்பிப் பார்த்த வழக்கு இங்கே நடந்தது. 2004 செப்டம்பரில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்ட வழக்கை, 2005-இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 80-க்கும் மேற்பட்டோர் பிறழ் சாட்சிகளானார்கள். 2013 நவம்பர் 27 அன்று, குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 23 பேரும் விடுதலையானார்கள். கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நீதிமன்ற வாசலில் காத்திருந்தவர்கள், வாய்தா வாங்கியவர்கள், சொன்னதை மாற்றிச் சொன்னவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்தது, பயம் இருந்தது, காரணம் இருந்தது. மேசையைத் தட்டினால் உண்மை வந்துவிடும் என்று எழுதுபவர் ஒருநாள் நீதிமன்ற வளாகத்துக்கு வந்து மர நிழலில் நின்றிருந்தாலே போதும், கடைசிப் பகுதியைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருப்பார்.

இரண்டாம் பருவம் எடுக்கப்போவதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் படப்பிடிப்புக்கு முன் ஒரு மாதமாவது இங்கே வந்து தங்கட்டும். ஏட்டு ஐயாவிடம் நான் பேசிவிட்டேன்; கேட்டால் மகஜர் எழுதும் முறையிலிருந்து எல்லாம் சொல்லித் தருகிறேன் என்றார்.

(அடுத்த வாரம்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் திருட்டும் தண்டனையும்)