குறியும் விரைவும்

கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் போட்டிகள் மேனாடுகளில் நெடுங்காலமாக நடைபெற்று வருவன. வீரர் அசையாது நின்று, ஒரு கையை நீட்டி, வட்டமிட்ட இலக்கின் நடுவிடத்தை நோக்கிச் சுடுவர். இஃது அரிய கலையே. ஆயினும், உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையில் தன்னைக் காத்துக்கொள்ள முயலும் ஒருவனுக்கு இக்கலை எவ்வளவு பயன்படும்? எதிரி இலக்கைப்போல் அசையாது நிற்பானா? ஆறுதலாகக் குறிபார்க்க அவகாசம் தருவானா? இவ்வினாக்களிலிருந்து தோன்றியதே தற்காப்புச் சூட்டுப் போட்டி.

1950ஆம் ஆண்டுகளில், அமெரிக்கக் கடற்படைவீரர் சேனையில் அதிகாரியாயிருந்த ஜெப் கூப்பர், கலிபோர்னியாவின் பிக் பெயார் என்னுமிடத்தில் புதுமையான போட்டிகளை நடத்தினார். 21 அடி தூரத்தில் 12 பலூன்கள் கட்டப்பட்டிருக்கும். இருவர் ஒரே வேளையில் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவர். தம் பலூன்கள் அனைத்தையும் முதலில் உடைப்பவர் வென்றவராவர். பெரும்பாலோர் விரைவையே பெரிதென எண்ணி, இடுப்பளவில் வைத்தபடியே சுட்டனர். 1959இல் ஜக் வீவர் என்னும் காவல் அலுவலர், துப்பாக்கியை இரு கைகளாலும் பற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுடும் முறையை அங்கே கையாண்டார். உயர்த்துவதற்குச் சிறிது நேரம் சென்றதெனினும், வெற்றி அவரையே நாடியது. தவறிய குண்டினால் பயனில்லை; அதற்குச் செலவான நேரம் வீணே. பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1976இல் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடியோர், நடைமுறைச் சூட்டுக்கெனச் சர்வதேச சம்மேளனமொன்றை அமைத்தனர். கூப்பரே அதன் முதல் தலைவர். குறி, வலு, விரைவு என்னும் மூன்றும் அதன் குறிக்கோள்களாயின. ஆனால், காலப்போக்கில் வெற்றி வேட்கை ஆயுதத்தையே மாற்றிவிட்டது. பின்னுதைப்பைக் குறைக்கும் கருவிகளும் ஒளிக்குறி காட்டும் ஆடிகளும் பூட்டிய, எவரும் அன்றாடம் உடையினுள் வைத்துச் செல்லவியலாத துப்பாக்கிகள் அரங்கில் மலிந்தன. ஆதலால், பில் வில்சன், கென் ஹக்கதோர்ன் முதலியோர் 1996இல் சர்வதேச தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கத்தை நிறுவினர். வழக்கமாக எடுத்துச் செல்லத்தக்க துப்பாக்கியையே பயன்படுத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை.

இச்சங்கத்தின் போட்டிகளில் துப்பாக்கியை மேலாடை மறைத்திருப்பதே வழக்கம். மறைவிடம் இருந்தால், அதன் பின்னின்றே சுடல் வேண்டும். எடுத்த நேரத்தோடு, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விநாடி கூட்டப்படும். ஒருவர் 8 விநாடியில் முடித்து 5 புள்ளிகளை இழந்தால், அவர் கணக்கு 13 விநாடி. மற்றொருவர் 10 விநாடி எடுத்து ஒரு புள்ளியை மட்டும் இழந்தால், 11 விநாடி. ஆறுதலாகச் சுட்டவரே வென்றார். தீங்கற்றோரைக் குறிக்கும் இலக்கில் குண்டு பட்டாலோ, 5 விநாடி தண்டமாகும்.

எத்தகைய துப்பாக்கியைத் தெரிதல் வேண்டும்? பெரியதே சிறந்தது என்பது பிழையான எண்ணம். பின்னுதைப்பு மிகுந்தால், இரண்டாம் குண்டுக்குக் குறி திரும்பத் தாமதமாகும். ஆதலால், 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியையே பலர் விரும்புவர். பல பிரிவுகளில் குண்டின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் கணித்துப் பெருக்கினால், 1,25,000க்குக் குறையாதிருத்தல் வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடி வேகத்திற் சென்றால், பெருக்கம் 1,30,200; அது போதும். இவற்றினும் முதன்மையானது கைப்பொருத்தம். பிடியை மாற்றாமலே சுட்டுவிரலின் நுனித்தசை விசையை எட்டுதல் வேண்டும். எத்தனை முறை சுட்டாலும் இடையிற் சிக்காத துப்பாக்கியே நம்பத்தக்கது.

பயிற்சியின் பெரும்பகுதி குண்டின்றியே நடைபெறும். குண்டுகளை வேறோர் அறையில் வைத்து, துப்பாக்கி வெறுமையாயிருப்பதை இருமுறை பார்த்துத் தெளிந்த பின்பே தொடங்கல் வேண்டும். பாதுகாப்பான திசையை நோக்கி, முன்குறி அசையாதபடி விசையை மெல்ல அழுத்திப் பழகுவர். சிலர் முன்குறியின்மேல் நாணயமொன்றை வைத்து, அது விழாதவாறு அழுத்திப் பார்ப்பதுமுண்டு. உறையிலிருந்து உருவுதலையும் குண்டு மாற்றுதலையும் முதலில் மெதுவாகவே செய்தல் வேண்டும். அசைவு செம்மையுற்றபின் விரைவு தானே வந்துசேரும்.

கூப்பர் வகுத்த நான்கு விதிகள் இவை அனைத்துக்கும் அடித்தளம். எத்துப்பாக்கியையும் குண்டேறியதாகவே கொள்ளுக. அழிக்க எண்ணாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பற்க. குறி இலக்கிற் பொருந்தும்வரை விசையில் விரல் வையற்க. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது யாது என அறிந்தே சுடுக. பாதுகாப்பு விதியை மீறித் துப்பாக்கியை ஆபத்தாகக் கையாள்பவர், எத்துணை வல்லவராயினும், போட்டியிலிருந்து உடனே நீக்கப்படுவர். அவ்விடத்துத் தவறுவது புள்ளியன்று. அருகில் நிற்பவரின் உயிர்.