பிரிந்து செல்லலாம், கல்லறைத் தோட்டம் கூட வராது

புதுதில்லி: பெங்களூருவின் பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில், பிழைப்புத் தேடி வந்த தமிழர்களும் மலையாளிகளும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆலயம் எழுப்புவது புதிதல்ல. காணிக்கை அவர்களுடையது, பத்திரமோ பெரும்பாலும் திருச்சபையின் அறக்கட்டளை பெயரில் இருக்கும். தலைமையோடு கசப்பு முற்றி, தனியே செல்வதென்று சபையார் தீர்மானம் போடும்போதுதான் அந்தப் பத்திரம் நினைவுக்கு வருகிறது.

அப்போது என்ன நேரும் என்பதைக் கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ் - யாக்கோபைட் வழக்கில் 2017 ஜூலை 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மலங்கரா திருச்சபையின் 1,064 ஆலயங்களும் அதன் 1934-ம் ஆண்டு சட்டதிட்டத்துக்கே கட்டுப்பட்டவை என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அமிதவ ராய் தீர்ப்பளித்தனர். விசுவாசி விலகிச் செல்லலாம், அதைத் தடுப்பாரில்லை. ஆனால் ஆலயத்தையும் அதன் சொத்துகளையும் உடன் கொண்டு செல்ல முடியாது. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல. யாக்கோபைட் தரப்பினரை அதிரவைத்தது இதுதான்: ஊரில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் பிறவம், முளந்துருத்தி ஆலயங்களை அவர்கள் இழந்தனர்.

இதே மண்ணில் இது முதல்முறையும் அல்ல. 1889-ல் திருவிதாங்கூர் உச்ச மன்றத்தில் தோற்ற சீர்திருத்தத் தரப்பினர், அதாவது இன்றைய மார்த்தோமா திருச்சபையின் முன்னோர், கோட்டயம் செமினாரியையும் பெரும்பாலான ஆலயங்களையும் விட்டு வெறுங்கையோடு வெளியேறினர்.

கட்டடம் போனால் வாடகைக் கூடத்தில் ஆராதனை நடத்தலாம். இறந்தவரை எங்கே அடக்கம் செய்வது? 2019-ல் காயங்குளம் அருகே கட்டச்சிராவில், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய வழியின்றி ஒரு மூதாட்டியின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தது. சொத்துரிமையை மட்டும் எடைபோட்ட தீர்ப்பின் கசப்பான மிச்சம் இது. கேரள அரசு 2020 ஜனவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, எத்தரப்பைச் சேர்ந்தவராயினும் மூதாதையர் கல்லறையில் அடக்கம் பெறும் உரிமையை அளித்தது. பின்னர் அது முறையான சட்டமாயிற்று. காலம் தாழ்ந்ததே தவிர, தேவையான தலையீடு.

எல்லா வழக்கிலும் தலைமையே வெல்கிறது என்றும் எண்ண வேண்டாம். குஜராத்தின் பிரதரன் திருச்சபை 1970-ல் வட இந்தியத் திருச்சபையோடு இணைந்ததாகக் கருதப்பட்டது. இணைப்பை ஏற்காத ஒரு பிரிவினரோடு நடந்த வழக்கில், பழைய சங்கத்தைக் கலைப்பதற்கான சட்ட நடைமுறை பின்பற்றப்படாததால் சொத்துகள் கைமாறவில்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கும் வென்றது காகிதம்தான், பக்தியல்ல.

பீன்யாவில் ஒரு சபை பிரிவதானால், பதிவுப் பத்திரத்தோடு திருச்சபையின் சட்டதிட்டத்தையும் முதலில் படித்தாக வேண்டும். கேரளத்தின் கல்லறைச் சட்டமோ அம்மாநிலத்தின் அந்த இரு தரப்பினருக்கு மட்டுமே உரியது. கர்நாடகத்தில் அது செல்லாது.