நாள் மறந்தாலும் நடுக்கம் மறவாது

நினைவு என்று சொன்னதும் இலக்கியம் படித்தவர்களுக்கு முதலில் வருவது பிரிவுதான். திருக்குறளிலே 'நினைந்தவர் புலம்பல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. மறக்க முயன்றும் முடியாமல் தன் நெஞ்சோடு வழக்காடும் தலைவியையும் நாம் நன்கு அறிவோம். தான் வேறு, நெஞ்சு வேறு என்று அவள் பேசுவதைக் கவிமரபு என்று சொல்லி அப்பால் போய்விடலாம். ஆனால் மூளையை ஆராய்வோர் சொல்லும் செய்தியும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. நினைவு ஒன்றல்ல, பல என்கிறார்கள் அவர்கள். ஒன்று கைவிட்டதை இன்னொன்று பிடித்து வைத்திருக்கும்.

எங்கள் நீர்வேலியிலே இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதியும் அதனை ஒட்டிய நாட்களிலும் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். எங்கள் ஊரவரும் அந்தச் சனத்திரளில் இருந்தார்கள். போர் 2009இல் ஓய்ந்தது. ஆயினும் திடீரென்று ஒரு பெருஞ்சத்தம் கேட்டால் சுவரோரம் குந்திவிடுகின்ற முதியவர்களை நான் இன்றும் காண்கிறேன். "எந்த வருசம் ஆச்சி வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டால், "ஆருக்குத் தம்பி அதெல்லாம் ஞாபகம்" என்பார்கள். நாள் மறந்துபோயிற்று, நடுக்கம் மறக்கவில்லை. இது எப்படி?

1953இல் அமெரிக்காவிலே ஹென்றி மொலேசன் என்னும் இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக மூளையின் இரு பக்கங்களிலும் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார்கள். ஹிப்போகம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. கடற்குதிரை போன்ற வடிவமுடையதால் வந்த பெயர் அது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதியவராகத் தெரிந்தார். அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் ஒரு விந்தையைக் கண்டார். கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியில் மொலேசனின் கை நாளுக்கு நாள் தேறியது. ஆனால் முன்னர் வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை! எங்கே, எப்போது, யார் என்பவற்றைப் பதிப்பது ஒரு பகுதி, கைப்பழக்கத்தைப் பதிப்பது வேறொரு பகுதி என்பது அதனால் தெளிவாயிற்று. அச்சத்துக்கும் அவ்வாறே தனியிடம் உண்டு. வாதுமைப் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்பது அது.

பதிதல் என்றால் என்ன? எங்கள் ஊர்ச் செம்மண் வாழைத்தோட்டத்தில் இறைப்பைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். புதிதாக வெட்டிய வாய்க்காலில் முதல்நாள் தண்ணீர் அரைவாசியும் மண்ணுக்குள் போய்விடும். நாளும் ஓட ஓட வாய்க்கால் இறுகும். தண்ணீர் தானாகவே வழி கண்டு ஓடும். பாவிக்காமல் விட்டால் புல் மூடும். மூளையின் நரம்புக் கலங்களும் கிளைவிட்டு, ஒன்றோடொன்று தொடுப்பு வைத்துச் செய்தி கடத்துகின்றன. ஒரே வழியில் செய்தி திரும்பத் திரும்ப ஓடினால் அந்தத் தொடுப்பு வலுக்கின்றது. புதிய தொடுப்புகளும் முளைக்கின்றன. கடல் நத்தையொன்றை வைத்து இதனை நிறுவிய எரிக் கண்டெலுக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி எங்கள் முதியவர்களின் கேள்விக்கு வருவோம். இதற்கு மிக அருகில் வந்த ஆராய்ச்சி பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய மாணவர்களும் எலிகளை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அசையவிடாமல் வைத்தார்கள். இப்படிப் பத்து நாட்கள். பின்னர் அவற்றின் மூளையைப் பார்த்தபோது ஹிப்போகம்பஸிலே கலங்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ அவை நீண்டு செழித்திருந்தன. ஒரே துன்பம் ஓரிடத்தில் கிளையை வாட்டியது, மற்றோரிடத்தில் வளர்த்தது. இது 2002இல் வெளிவந்தது. 2004இல் இன்னொன்று சொன்னார்கள். எலிகளை 21 நாட்கள் நிம்மதியாக விட்டபோது ஹிப்போகம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அமிக்டலா திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் தணியவில்லை.

2005இல் வந்த முடிவு என்னை இன்னும் சிந்திக்க வைத்தது. இம்முறை எலிகளுக்கு ஒரேயொரு தடவைதான் அத்துன்பம். மறுநாள் அமிக்டலாவில் புதிய தொடுப்பு எதுவும் காணப்படவில்லை. பத்து நாட்கள் கழித்துப் பார்த்தால் தொடுப்புகள் பெருகியிருந்தன, பதற்றமும் கூடியிருந்தது. துன்பம் முடிந்த பின்னரும் அதன் வேலை உள்ளே நடந்துகொண்டிருந்தது.

எலி மனிதன் அல்லன். எலியின் மூளையில் கண்டதை அப்படியே எங்கள் ஆச்சிமார்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் மனிதரிடமே இதனைக் கண்டு எழுதியவர் எங்கள் மத்தியில் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் இங்குள்ள மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். மனத்தின் துயரம் எங்கள் மக்களிடம் பெரும்பாலும் தலையிடியாகவும் உடல் நோவாகவும் வெளிப்படுவதை அவர் எடுத்துக் காட்டினார். வாய் மறந்ததை உடம்பு சொல்கின்றது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. துன்பம் நடந்த மறுநாள் கலங்காமல் இருந்தவர் தப்பிவிட்டார் என்று முடிவு கட்டக்கூடாது. "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது, இன்னும் ஏன் பயப்படுறியள்?" என்று முதியவரைக் கேட்பதிலும் நியாயமில்லை. முடிந்தது என்று அறிகின்ற பகுதி வேறு, நடுங்குகின்ற பகுதி வேறு.

அதற்காகக் கைவிடவும் வேண்டியதில்லை. பழைய அச்சம் அழிவதில்லை. ஆனால் அதன்மேல் புதிய பாடமொன்றைப் பதிக்கலாம். சத்தம் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதே அந்தப் பாடம். அதுவும் ஒருநாளில் பதியாது. வாய்க்காலைப் போலத் திரும்பத் திரும்ப ஓடவேண்டும். உறக்கம் கெட்டு, நடுக்கம் நீடிப்பவர்களை உளமருத்துவரிடம் அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு, நடுங்கும்போது பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளும் ஒருவர் போதும். அவர் புத்தி சொல்ல வேண்டியதில்லை.