மானிட்டர் இல்லாவிட்டாலும் திரைக்கு அளவு உண்டு!

உங்களுக்குத் தெரியுமா? மானிட்டர் தன் அளவுகளைக் குறைந்தது 128 பைட் கொண்ட குறிப்பாகக் கணினிக்குச் சொல்கிறது. விஜிஏ கேபிளில் 12, 15ஆம் ஊசிகள் இந்தச் சேதியைக் கடத்தத்தான். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் அவை இருப்பதே இல்லை! குறிப்பு வராவிட்டால் லினக்ஸ் பெரும்பாலும் 1024×768-க்கு இறங்கிவிடும். மானிட்டரே இல்லையென்று நினைத்தால் கேபிள் செருகும் போர்ட்டையே அணைத்து வைக்கும். பிறகு செருகினாலும் திரை கறுப்பாகவே கிடக்கலாம்.

பதினோராம் வகுப்பில் உபுண்டு லினக்ஸ் படிக்கும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் கவனிக்க: இதைத் தவிர்க்க, கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் கோப்பில் உள்ள கெர்னல் வரியில் 'வீடியோ' என்ற அமைப்பில் போர்ட் பெயர், வேண்டிய அளவு, கடைசியில் ஆங்கிலச் சின்ன 'இ' எழுத்து ஆகியவற்றைச் சேர்த்து, கிரப்பைப் புதுப்பித்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். மானிட்டர் இல்லாமலேயே எழுத்துத் திரை அந்த அளவில் வரும். அதே வரியில் 'நோமோட்செட்' என்ற அமைப்பும் இருந்தால் மட்டும் இது பலிக்காது.