போலந்து நாட்டு அளவையியலாரும் விஞ்ஞான மெய்யியலும்

மெய்யியல் என்றவுடனே, எளிதில் விளங்காத சொற்களால் அரிய பொருள்களைக் கூறுவதொரு கலை என்று கருதுவோர் பலர். நூலொன்று விளங்காதவிடத்துக் குறை நூலினதன்று, தம் அறிவினதே என்று மாணவர் தம்மைத் தாமே நொந்துகொள்வதும் உண்டு. தெளிவின்மை ஆழத்தின் அடையாளமன்று என்று வற்புறுத்தி, அக்கொள்கையின் மீதே ஒரு மெய்யியல் மரபினை நிறுவியவர்கள் போலந்து நாட்டறிஞர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லுவோவ், வார்சோ என்னும் இரு நகரங்களிலே தழைத்த அம்மரபு விஞ்ஞான மெய்யியலுக்கு ஆற்றிய தொண்டினைச் சுருங்க எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மரபின் தந்தை கசிமியர்ஸ் துவார்டோவ்ஸ்கி என்பவர். 1866ஆம் ஆண்டு வியன்னாவிலே பிறந்து, பிரென்றானோ என்னும் பேராசிரியரிடம் பயின்ற அவர், 1895இல் லுவோவ் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். போலந்து என்றொரு தனியரசு அக்காலத்தில் இல்லை. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அந்நாட்டைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. ஆஸ்திரியாவின் பங்கில் அமைந்திருந்த லுவோவ் நகரம் இன்று உக்ரேயின் நாட்டில் லிவிவ் என்னும் பெயரோடு விளங்குகின்றது. 1904இல் அங்கே போலந்து மெய்யியற் சங்கத்தை அவர் நிறுவினார்.

துவார்டோவ்ஸ்கி தம் மாணவர்மீது எந்தக் கொள்கையையும் திணிக்கவில்லை; முறையொன்றையே கற்பித்தார். ஒரு கூற்று உண்மையா என்று வினவுமுன் அதன் பொருள் யாதென வினவுதல், ஒரு சொல்லுள் மறைந்துகிடக்கும் பல வினாக்களைப் பிரித்தறிதல், சான்று தாங்கும் அளவுக்கு மேல் எதனையும் உறுதியாகக் கூறாமை ஆகிய இவையே அம்முறையின் கூறுகள். தெளிவாகச் சிந்திப்பவனால் தெளிவாக எழுதவும் இயலும் என்பதும், இருண்ட நடையில் எழுதுபவன் இருண்ட சிந்தையுடையவன் என்று ஐயுறுதல் தகும் என்பதும் அவர் கருத்து. அவரிடம் பயின்ற லூக்காசியேவிச், லெஸ்னியேவ்ஸ்கி, கொத்தார்பின்ஸ்கி, அய்டுக்கேவிச் ஆகிய நால்வரும் கொள்கையளவில் வெவ்வேறு வழிச் சென்றனர். ஆயினும் முறையிலே ஒன்றுபட்டு நின்றனர். வியன்னா வட்டத்தார் பௌதிகவதீதத்தைப் பொருளற்றதென்று அடியோடு தள்ளினர். போலந்தறிஞரோ, அதன் வினாக்களுள்ளும் தெளிவாக்கத் தக்கவற்றைத் தெளிவாக்கலாம் என்று அமைந்தனர்.

1915இல் வார்சோப் பல்கலைக்கழகம் போலந்துப் பல்கலைக்கழகமாக மீண்டும் திறக்கப்பட்டது. 1918இல் நாடும் விடுதலை பெற்றது. லூக்காசியேவிச்சும் லெஸ்னியேவ்ஸ்கியும் வார்சோவிலே பேராசிரியராயினர். கணித அறிஞரோடு கூடி அவர்கள் வளர்த்த அளவையியற் கழகம் சில ஆண்டுகளில் உலகப் புகழ் எய்தியது.

விஞ்ஞானம் எவ்வாறு இயங்குகின்றது என்னும் வினாவுக்கு லூக்காசியேவிச் 1912ஆம் ஆண்டளவிலேயே ஒரு விடை கண்டார். மழை பெய்தால் நிலம் நனையும் என்பது நாமறிந்தது. மழை பெய்தது என்பதிலிருந்து நிலம் நனைந்தது என்று முடிவு செய்தல் உய்த்தறி, அது தவறாது. நிலம் நனைந்திருப்பதைக் கண்டு மழை பெய்தது என்று கூறுதலோ விளைவிலிருந்து காரணத்தை நாடிப் பின்னோக்கிச் செல்வதாகும். நீர் தெளித்தவர் எவரேனும் இருக்கலாமாதலின் இது உறுதியுடையதன்று. விஞ்ஞானி தான் கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து பொதுவிதியொன்றைக் கூறும்போது செய்வதும் இப்பின்னோக்கிய செயலே என்றார் லூக்காசியேவிச். ஆகவே விதியானது இயற்கையிலிருந்து படியெடுக்கப்படுவதன்று; மனிதனின் ஆக்கத்திறன் அதனுள்ளே கலந்திருக்கின்றது. ஆக்கப்பட்டதாதலின் அது என்றும் சோதனைக்கு உட்பட்டே நிற்கும்.

நாளை நிகழப்போவதைப் பற்றிய கூற்று இன்றே உண்மையாகவோ பொய்யாகவோ இருத்தல் வேண்டுமாயின், எதிர்காலம் முழுவதும் முன்னரே முடிந்த முடிவாகிவிடாதா? கடற்போரை உதாரணமாகக் கொண்டு அரிஸ்டோட்டில் ஆராய்ந்த இவ்வினாவை லூக்காசியேவிச் மீண்டும் எடுத்துக்கொண்டார். உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்பவற்றோடு, இன்னும் துணியப்படாததற்கு ½ என்னும் மூன்றாம் பெறுமானத்தையும் சேர்த்து, 1920இல் மும்மைப் பெறுமான அளவையியலை வெளியிட்டார். அளவையியல் ஒன்றே என்னும் ஈராயிரமாண்டு நம்பிக்கை இதனால் அசைந்தது. 1924இல் அடைப்புக்குறி வேண்டாத குறியீட்டு முறையொன்றையும் அவர் வகுத்தார்: (2 + 3) × 4 என்பதனை × + 2 3 4 என எழுதினும் பொருள் மயங்காது. அம்முறையின் தலைகீழ் வடிவம் பிற்காலத்திலே கணிப்பொறிகளுக்கும் பயன்படலாயிற்று.

லெஸ்னியேவ்ஸ்கியின் மாணவரான அல்பிரட் டார்ஸ்கி உண்மை என்னும் சொல்லையே ஆராய்ந்தார். 'இவ்வாக்கியம் பொய்' என்று ஒருவன் எழுதினால், அது உண்மையாயின் பொய்யாகும், பொய்யாயின் உண்மையாகும். இம்முரண்பாடு தோன்றுவது, ஒரு மொழி தன் வாக்கியங்களின் உண்மையைப் பற்றித் தானே பேச முற்படுவதனால் என்று டார்ஸ்கி கண்டார். ஆகவே பேசப்படும் மொழி ஒன்று, அதனைப் பற்றிப் பேசும் மேன்மொழி மற்றொன்று எனப் பிரித்தல் வேண்டும். 'பனி வெண்மையானது' என்னும் வாக்கியம் உண்மையாவது, பனி வெண்மையாக இருந்தால், இருந்தால் மட்டுமே. இது சிறுபிள்ளைக்கும் தெரிந்ததன்றோ எனத் தோன்றலாம். ஆனால் இத்தகைய முடிவுகள் அனைத்தையும் தரவல்ல முரணற்ற வரைவிலக்கணமொன்றை அமைத்துக் காட்டுதல் எளிதன்று. 1933இல் வெளிவந்த அவருடைய நூல் விஞ்ஞானமொழிகளுக்கு அதனைச் செய்து காட்டியது. முன்னர் உண்மை என்னும் சொல்லைக் கையாளத் தயங்கிய கார்ள் பொப்பர், டார்ஸ்கியின் விளக்கத்தைக் கேட்டபின்னரே அத்தயக்கம் நீங்கினார்.

சான்று பற்றிய வினாவை ஆராய்ந்தவர் யானினா ஹொஸியாஸொன் லிண்டென்பவும் என்னும் அம்மையார். 'காகங்கள் யாவும் கரியன' என்பதும், 'கரியன அல்லாதவை யாவும் காகங்கள் அல்ல' என்பதும் ஒரே பொருளுடையன. ஒரு மஞ்சள் மாங்கனி கரியதுமன்று, காகமுமன்று. எனவே அது இரண்டாவது கூற்றுக்குச் சான்றாகும். அவ்வாறாயின் முதலாவதற்கும் சான்றாதல் வேண்டுமே! அறைக்குள் இருந்துகொண்டே பறவையியல் பயிலலாம் போலும். ஹெம்பெல் என்பார் எழுப்பிய இப்புதிருக்கு அம்மையார் 1940இல் நிகழ்தகவின் துணைகொண்டு விடையிறுத்தார். கரியன அல்லாத பொருள்கள் உலகில் எண்ணிறந்தன. காகங்களோ அவற்றை நோக்கச் சிலவே. ஆகவே மாங்கனி தரும் சான்று முற்றிலும் இன்மையன்று. ஆனால் பொருட்படுத்தத்தகாத அளவு சிறியது. சான்று உண்டா என்பதோடு எவ்வளவு உண்டு என்றும் வினவுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

கீழைத்தேய அளவையியலும் இம்மரபினால் ஒளிபெற்றது. மலை தீயுடையது, புகையுடைமையால், புகையுடையது எதுவோ அது தீயுடையது, அடுக்களை போல, இம்மலையும் அத்தகையது, ஆதலின் தீயுடையது என்னும் ஐந்துறுப்பு அனுமானத்தை மணிமேகலை பயின்றோர் அறிவர். இதனை மேலைநாட்டார் அரிஸ்டோட்டிலின் நியாயத்தொடையோடு ஒப்பிட்டுக் குறைகூறி வந்தனர். லூக்காசியேவிச்சின் அளவையியலை அறிந்த வார்சோ இந்தியவியலாளர் ஸ்தானிஸ்லாவ் ஷாயர் அவ்வொப்பீடே பொருந்தாது என்றார். பொதுவிதியொன்றைக் கூறி, அதனைக் குறித்த பொருளுக்கு ஏற்றி, முடிவைப் பெறும் முறை இதுவாகலின், இக்கால அளவையியல் கொண்டே இதனை விளக்குதல் வேண்டும் என்பது அவர் துணிபு.

இத்துணைச் சிறப்புடன் வளர்ந்த மரபினை 1939இல் தொடங்கிய போர் சிதைத்தது. செப்டெம்பர் மாதக் குண்டுவீச்சில் லூக்காசியேவிச்சின் இல்லமும் ஏடுகளும் எரிந்தன. அவ்வாண்டிலேயே லெஸ்னியேவ்ஸ்கி காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள் 1944இல் வார்சோக் கிளர்ச்சியின்போது அழிந்தன. ஹொஸியாஸொன் அம்மையாரின் கணவரும் அளவையியலாளருமாகிய அடொல்ப் லிண்டென்பவும் 1941இல் நாசிகளாற் கொல்லப்பட்டார். அம்மையாரும் 1942இல் வில்னியஸ் நகரிலே கொல்லப்பட்டார். காகத்தைப் பற்றிய அக்கட்டுரை வெளிவந்து இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. மகாநாடொன்றிற்காக அமெரிக்கா சென்றிருந்த டார்ஸ்கி அங்கேயே தங்கிவிட்டார். லூக்காசியேவிச் 1946இல் டப்ளின் நகரை அடைந்து, 1956இல் அங்கேயே மறைந்தார்.

எனினும் கற்பித்தல் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகம் மூடப்பட்ட காலத்தில் கொத்தார்பின்ஸ்கி போன்றோர் தனியார் இல்லங்களிலே மறைவாக வகுப்பு நடத்தினர். பிடிபட்டால் தண்டனை கொடியது என்பதை ஆசிரியரும் அறிவர், மாணவரும் அறிவர். யூத மாணவர்களை வகுப்பிலே தனி வாங்குகளில் இருத்தும் வழக்கம் 1937இல் புகுத்தப்பட்டபோதும் கொத்தார்பின்ஸ்கி அதனை வெளிப்படையாக எதிர்த்தவராவர். போருக்குப் பின் 1957 முதல் 1962 வரை அவர் போலந்து விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக விளங்கினார்.

துவார்டோவ்ஸ்கி கற்பித்த தெளிவு வெறும் நடையழகு அன்று. அது நேர்மையின் ஒரு கூறு. விளங்காத சொல்லை மறுத்தல் இயலாது. ஆகவே அது பிழையைக் காக்கும் அரணாகின்றது. விளங்கும் சொல்லைக் கூறுபவனோ, 'நான் பிழைபட்டிருப்பின் காட்டுக' என்று கேட்போன் கையிலே கருவியைக் கொடுக்கின்றான். விஞ்ஞானம் வளர்வது அக்கொடையினாலேயே. நாம் எழுதிய பக்கமொன்றை மீண்டும் வாசித்து, 'இதன் பொருள் யாது? இதற்குச் சான்று எவ்வளவு?' என்று வினவிக்கொள்ளும் பொழுதெல்லாம் லுவோவ் நகரத்து அப்பேராசிரியரின் வகுப்பிலே நாமும் அமர்ந்திருக்கின்றோம்.